ஐம்பதைத் தொட்டால் வருகிறவன்

நான்காம் அத்தியாயம்

"பேய்க்கு டிரைவிங் லைசென்ஸ் வேணுமா சேர்?" என்று நுஹ்மான் கேட்டான்.

சிவலிங்கம் அந்தப் பழைய ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் காரைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். இருபத்தெட்டு வருடம் மோட்டார் வாகனப் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்ற பின் மாத்தளை திருகோணமலை வீதியில் ஒரு மாடியறையை எடுத்துத் துப்பறியும் தொழில் நடத்துகிறார். நுஹ்மான் அவருடைய உதவியாள். கராஜில் வேலை செய்தவன், வாய்த்துடுக்குக்காக அங்கிருந்து அனுப்பப்பட்டவன்.

"கேட்டதுக்குக் காரணம் இருக்கு சேர். இந்தப் பேய் காருக்குள்ள இருந்து காரை ஆட்டுது. லைசென்ஸ் இல்லாட்டி பொலிசில ஒரு கேஸ் போட்டு முடிச்சிரலாம்."

"வாயை மூடு. பெரியவர் வாறாரு."

ஆறுமுகநாதன் கார் கொட்டகைக்குள் வந்தார். எழுபத்து நான்கு வயது. முதுகு இன்னும் வளையவில்லை. மாத்தளைப் பகுதியில் பிறப்பு இறப்புப் பதிவாளராக முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். மானிப்பாயிலிருந்து வந்து இங்கேயே வேர் பிடித்த குடும்பம். அவருக்குப் பின்னால் மனைவி சரோஜினிதேவி நின்றார். கொட்டகையின் மூலையில், கவிழ்த்த வாளி ஒன்றின்மேல், கைகளை முழங்காலில் வைத்தபடி டிரைவர் அழகமுத்து உட்கார்ந்திருந்தான். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். இந்த வீட்டில் இருபத்தைந்து வருடம் கார் ஓட்டியவன். இன்று அவனை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

"மிஸ்டர் சிவலிங்கம், எங்கட குடும்பத்தில பேய் பிசாசு எண்டு ஒருத்தரும் கதைச்சதில்லை" என்றார் ஆறுமுகநாதன். "இப்ப என்ர மனிசி கதைக்கிறா. அதுக்குக் காரணம் இந்தக் கார். காருக்குக் காரணம் அந்தா இருக்கிறவன். அவன் என்ன செய்தவன் எண்டு நீங்கள் கண்டுபிடிச்சுச் சொன்னால், நான் பொலிசுக்குச் சொல்லுவன்."

"முதல்ல நடந்ததைச் சொல்லுங்க ஐயா."

அவர் சொன்னார். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. நடுங்க விடக்கூடாது என்று பழகிய குரல்.

ஒரே மகன் மகேந்திரராஜா. எண்பத்தொன்பதாம் ஆண்டு ஆவணியில் அவனுக்கு இருபத்திரண்டு வயது. மாத்தளையில் இளைஞர்கள் இரவில் காணாமற்போய், காலையில் ரோட்டோரத்தில் டயர் போட்டு எரிக்கப்பட்டுக் கிடந்த காலம். மகேந்திரராஜாவின் பெயர் ஏதோ ஒரு பட்டியலில் இருப்பதாகத் தகவல் வந்தது. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அடையாள அட்டையில் இருந்ததே அதற்குப் போதுமான காரணம்.

"நான் ஒளிக்கச் சொல்லேல்லை. எங்கட குடும்பத்தில ஒளிச்சு ஓடினவன் கிடையாது. குற்றம் இல்லாதவன் ஏன் ஒளிக்க வேணும்? நாளைக்கு நானே உன்னை ஆமிக் காம்புக்குக் கூட்டிக்கொண்டு போய், இவன் என்ர மகன், விசாரியுங்கோ எண்டு சொல்லுறன் எண்டனான். அதுக்கு முதல்நாள் பின்னேரம் மகன் இவன் ஓட்டின காரில ஏறிப் போனான். நாவுலயில இறங்கிட்டார் எண்டு இவன் திரும்பி வந்து சொன்னான். அவ்வளவுதான். பதின்மூண்டு வருசம்."

அந்த வாரம் அப்படி மகனைக் கையில் பிடித்துக் காம்புக்குக் கூட்டிப் போன தகப்பன்மார் இந்த வீதியில் மூன்று பேர். மூவரும் தனியாகத் திரும்பி வந்தார்கள். அதை ஆறுமுகநாதன் சொல்லவில்லை. சிவலிங்கத்துக்குத் தெரியும்.

"காரியம் செய்யாத சாவு வீட்டுக்கு இழுக்கு" என்று பெரியவர் தொடர்ந்தார். "யாழ்ப்பாண ரோடு திறந்து நாலு மாதமாச்சு. அவன் போன திதி வாற வியாழக்கிழமை. மானிப்பாயில எங்கட வீட்டில, எங்கட ஐயரைக் கொண்டு செய்யிறதாய்த் தீர்மானம். வீட்டைத் துப்புரவாக்க எண்டு இரண்டு தரம் வெளிக்கிட்டம். இரண்டு தரமும் நாவுலயில கார் பேய் பிடிச்ச மாதிரி ஆடினது. இரண்டு தரமும் இவ இறங்கி நிண்டு, வரமாட்டன் எண்டிட்டா."

சரோஜினிதேவி முதல்முறையாக வாய் திறந்தார்.

"அவன்தான் பிடிச்சு உலுப்புறான் தம்பி. போகாதேங்கோ அம்மா, நான் சாகேல்லை எண்டு உலுப்புறான். உயிரோட இருக்கிற பிள்ளைக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கலாமோ? அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கோ. அவன் இருக்கிறானோ இல்லையோ. காரைப் பற்றி எனக்கு என்ன?"

"ஊரில சொல்லுறது வேற அம்மா" என்றான் நுஹ்மான், மெதுவாக. "காரியம் செய்யாததால செத்தவர் கோபத்தில ஆட்டுறாராம். ஒரே ஆட்டம், ரெண்டு பக்கத்துக்கும் சாட்சி."

"அழகமுத்து மேல ஏன் சந்தேகம்?" என்று சிவலிங்கம் கேட்டார்.

"போன திங்கக்கிழமை விடியக்காலமை ஜாக்கியும் கையுமாய்ப் பிடிச்சனான். முன் சில்லைக் கழட்டிக்கொண்டிருந்தான். ஏன் எண்டு கேட்டால் வாய் திறக்கிறான் இல்லை. ஓடேக்க சில்லுக் கழண்டு நாங்கள் சாக வேணும் எண்டதைத் தவிர வேற என்ன இருக்கும்? அதுக்குப் பிறகு கொட்டகைச் சாவி என்னட்டைத்தான்."

சிவலிங்கம் மூலையைப் பார்த்தார். அழகமுத்து நிமிர்ந்து பார்த்தான். பயந்தவன் கண் அப்படி இருக்காது. களைத்தவன் கண் அது.

"கார் ஆடுறப்ப நீ ஓட்டினியா?"

"இல்லைங்க. எனக்குக் காய்ச்சல். ரெண்டு வாரம் ஆஸ்பத்திரி. முதல் தடவை வேற டிரைவர், அடுத்த தடவை ஐயாவே ஓட்டினாரு."

"சாவியைக் கொடுங்க ஐயா. நாவுல வரைக்கும் போய்ட்டு வாறோம்."

"நானும் வாறன்" என்றார் சரோஜினிதேவி. கணவர் முகத்தை அவர் பார்க்கவில்லை.

---

சிவலிங்கம் ஓட்டினார். பக்கத்தில் நுஹ்மான். பின் ஆசனத்தில், வலது பக்கம், கண்ணாடியோடு ஒட்டி அந்த அம்மா. மகன் கடைசியாக உட்கார்ந்த பக்கம் அதுதான் என்று அவர் சொல்லாமலே தெரிந்தது.

அலுவிகாரை தாண்டி, பலாபத்வெல தாண்டி, நாலந்தா வரைக்கும் ரோடு பாம்பு போல வளைந்தது. நாற்பதுக்கு மேல் போக இடமில்லை. கார் பூனைக்குட்டி போல ஓடியது.

"பேய் இன்னும் எழும்பல்ல" என்றான் நுஹ்மான். "பகல் தூக்கம்."

நாவுல வந்தது. அங்கே ரோடு நேராகிறது. சரோஜினிதேவி இரண்டு கைகளாலும் முன் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டார். "இந்த மருதமரத்தடி" என்றார். உதடுகள் ஏதோ முணுமுணுத்தன.

சிவலிங்கம் அந்த இடத்தை முப்பது மைல் வேகத்தில் கடந்தார். கார் ஆடவில்லை. மரத்தடியில் ஒரு நாய் படுத்திருந்தது. அதுவும் அசையவில்லை.

"அம்மா, ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"இல்லை." அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது. பயம் நீங்கிய நிம்மதி அதில் இல்லை. பேயாகவாவது வராதா என்று காத்திருந்த ஒரு தாயின் ஏமாற்றம். நுஹ்மான் பகிடி ஒன்றை விழுங்கினான்.

நான்கு மைல் போனதும், லேனதொர பக்கத்து நேர்ரோட்டில், முன்னால் லொறி எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து சிவலிங்கம் வேகத்தைக் கூட்டினார். நாற்பது. நாற்பத்தைந்து. முள் ஐம்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் அவர் கையில் உயிர் பெற்றது. முதலில் ஒரு சிலிர்ப்பு. பிறகு உதறல். கண்ணாடி கடகடத்தது. பின்னால் சரோஜினிதேவி "வந்திட்டான்" என்றார், யாரோ வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டவர்போல.

சிவலிங்கம் காலை எடுத்தார். நாற்பத்தைந்துக்குக் கீழே இறங்கியதும் எல்லாம் அடங்கியது. இன்னொரு தடவை கூட்டினார். வந்தது. குறைத்தார். போனது.

ஓரமாக நிறுத்தினார்.

"இது நாவுல பேய் இல்ல அம்மா. நாவுலயில முப்பதில போனோம், வரல்ல. இங்க ஐம்பதில போனோம், வந்திருச்சு. மாத்தளையில இருந்து வாற ரோட்டில முதன்முதலா ஐம்பது போகக்கூடிய இடம் நாவுல. அதனாலதான் ரெண்டு தரமும் அங்க வந்திருக்கு."

"அதாவது பேய் இடத்தில இல்ல, மீட்டர்ல குடியிருக்கு" என்றான் நுஹ்மான்.

"ஸ்டியரிங்கும் ஆடுது, சீட்டும் ஆடுதா?"

"சீட்டு அவ்வளவா இல்ல சேர்."

"அப்ப முன் சில்லு. பிரேக் பிடிக்கையில மட்டும் ஆடினா ட்ரம். எல்லா வேகத்திலயும் ஆடினா ரிம் கோணல். ஒரு வேகத்துக்கு மேல மட்டும் ஆடினா, சில்லில ஒரு பக்கம் பாரம் கூட. நூல்ல கல்லைக் கட்டி மெதுவாச் சுத்தினா கைக்குத் தெரியாது. வேகமாச் சுத்தினா கையை இழுக்கும்."

இறங்கி முன் சில்லுகளைப் பார்த்தார். வலது டயர் பாதி தேய்ந்திருந்தது. இடது டயரின் ஓரத்தில் புது டயருக்கு இருக்கும் மெல்லிய ரப்பர் முடிகள் ஒன்றிரண்டு இன்னும் உதிராமல் நின்றன. ஆனால் அதன் பக்கச் சுவர் முழுவதும் நுண்ணிய வெடிப்புகள், வெயிலில் காய்ந்த களிமண் போல.

"நுஹ்மான், இந்த டயருக்கு என்ன வயசு?"

அவன் குனிந்து விரலால் தடவினான். "முகத்தைப் பார்த்தா கொமரி. கழுத்தைப் பார்த்தா கிழவி. சேர், இது ஓடாமலே வயசு போன டயர்."

"ஓடாத டயர் ஒரு காரில எங்க இருக்கும்?"

"டிக்கியில. ஸ்பெயார் வீல்."

"அம்மா, ஸ்பெயார் வீலை யார் முன்னுக்கு மாட்டினது?"

சரோஜினிதேவி யோசித்தார். "அழகமுத்து ஆஸ்பத்திரியில இருக்கேக்க இவர்தான் செய்விச்சவர். தூரப் பயணம், நல்ல டயரை முன்னுக்குப் போடவேணும் எண்டு. அழகமுத்து வந்து பார்த்து, ஐயா அதைக் கழட்டி டிக்கியில போடுறேன் எண்டு இரண்டு மூண்டு தரம் கேட்டவன். இவர் விடேல்லை."

"அப்ப திங்கக்கிழமை விடியக்காலை அவன் சில்லைத் தளர்த்தல்ல. மாத்தப் பார்த்திருக்கான்" என்றார் சிவலிங்கம்.

---

அலுவிகாரையில் ஜமால்தீன் நானாவின் டயர் கடை. வாசலில் பழைய டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. சரோஜினிதேவி காரை விட்டு இறங்கினார். அந்த அடுக்கைக் கண்டதும் திரும்பி ரோட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டார். எண்பத்தொன்பதுக்குப் பிறகு மாத்தளையில் பழைய டயரை வெறும் டயராகப் பார்க்க முடியாத தாய்மார் பலர் இருக்கிறார்கள்.

"அழகமுத்தண்ணன்ட கார் தானே" என்றார் ஜமால்தீன். "இந்த ஏரியாவிலேயே ஸ்பெயார் வீல் வெச்சுக்கொண்டு ஸ்பெயார் வீல் போடாத ஒரே டிரைவர். நடு ரோட்டில பஞ்சர் ஆனா, சில்லைக் கழட்டித் தோள்ல வெச்சு பஸ்ஸில ஏறி இங்க வருவாரு. கார் அங்க மூணு காலோட ஜாக்கியில நிக்கும். டிக்கியில புதுச் சில்லு படுத்திருக்கும். நான் கேட்டா, அது பெரியய்யாட சில்லு, தேஞ்சிரும்பாரு."

"எவ்வளவு காலமா?"

"நான் கடை போட்டது தொண்ணூறில. அன்டைக்கு இருந்து."

"இந்தச் சில்லை உரிங்க நானா."

ஜமால்தீன் காற்றை இறக்கினார். இரும்புப் பட்டையை விட்டு டயரை ரிம்மிலிருந்து நெம்பினார். டியூபை இழுத்து எடுத்தார். டயரின் உட்பக்கத்தில், வேலை தெரிந்த கை ஒட்டியதுபோல, கையகல ரப்பர்த் துண்டு ஒன்று சுற்றிலும் சூடு வைத்து ஒட்டப்பட்டிருந்தது. அதன் நடுவே ஒரு புடைப்பு.

"பஞ்சர் ஒட்டு டியூப்ல வாறது. இது என்ன டயருக்குள்ள வீடு கட்டியிருக்கு?" என்றான் நுஹ்மான்.

சிவலிங்கம் பேனாக்கத்தியால் ஓரத்தைக் கீறினார். மழைக்கோட்டுத் துணியில் சுற்றிய ஒரு பொதி கையில் விழுந்தது. உள்ளே ஒரு கனத்த உருக்குக் கைக்கடிகாரம். முதுகில் பெயர் பொறித்திருந்தது: ஆ. மகேந்திரராஜா. அதனடியில் ஒரு அடையாள அட்டை. கறுப்பு வெள்ளைப் படத்தில் மெலிந்த இளைஞன். பிறந்த இடம் யாழ்ப்பாணம்.

சரோஜினிதேவி எப்போது திரும்பினார் என்று யாரும் கவனிக்கவில்லை. கடிகாரத்தை வாங்கி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டார். அழவில்லை. காரில் போய் ஏறி, அதே வலது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நுஹ்மான் குரலைத் தாழ்த்தினான். "முடிஞ்சுது சேர். அந்தக் காலத்தில ஐடென்டி காட் இல்லாம மனிசன் மலசலகூடத்துக்கும் போகல்ல. காட் இங்க இருக்கெண்டா ஆள் இல்ல. அவர் செத்ததை அழகமுத்து பார்த்திருக்கான், இல்லாட்டி..."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி காட்டிக் கொடுத்திருக்கான். எப்படியும் வியாழக்கிழமைக் காரியம் சரிதான்."

சிவலிங்கம் வேறு டயர் ஒன்றை மாட்டச் சொன்னார். அது முடியும்வரை அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

---

திரும்பும் வழியில்தான் அவர் பேசினார்.

"நுஹ்மான், ஒருத்தனைப் பிடிச்சிட்டுப் போறவன் எதைக் கொண்டு போவான்?"

"ஆளை."

"அட்டையை?"

"அதைத்தான் முதல்ல."

"கடிகாரத்தை?"

"இப்படிக் கடிகாரத்தை எவனும் விட்டுட்டுப் போக மாட்டான் சேர். கையோட கழட்டியிருப்பான்."

"அப்ப ரெண்டையும் அவரே கழட்டிக் கொடுத்திருக்கார். நீ சொன்னது சரி, அட்டை இல்லாம அன்டைக்கு அலுவிகாரை வரைக்கும் போக ஏலாது. அப்ப, வேற அட்டையோட போயிருக்கார். யாழ்ப்பாணம்னு எழுதாத அட்டை. இவ்வளவு நல்ல கடிகாரம் கட்ட ஏலாத ஒரு ஆளுட அட்டை."

பின்னால் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது.

"அம்மா," என்றார் சிவலிங்கம் கண்ணாடியில் பார்த்தபடி, "அழகமுத்துவுக்குப் பிள்ளைகள் இருக்கா?"

"பெண்சாதி செத்து இருபது வருசம். ஒரு மகன். லெட்சுமணன். எங்கட பிள்ளையின்ர வயசுதான். கொழும்பில கடையில நிக்கிறான்."

"கடைசியா எப்ப பார்த்தீங்க?"

சரோஜினிதேவி பதில் சொல்லத் தொடங்கினார். தீபாவளி என்றார். பிறகு, இல்லை, அதற்கு முந்தி என்றார். பிறகு எந்த வருடம் என்று விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார். மாத்தளைச் சந்தி வரும்வரை நுஹ்மான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

---

கொட்டகையில் அழகமுத்து அதே வாளியின்மேல் இருந்தான். ஆறுமுகநாதன் நாற்காலி போட்டு எதிரே காவல் இருந்தார். சிவலிங்கம் அடையாள அட்டையைப் பெரியவர் மடியில் வைத்தார்.

பெரியவர் அதைப் படித்தார். ஒரு பதிவாளர் படிப்பதுபோல் இலக்கம், பெயர், திகதி என்று வரிசையாகப் படித்தார்.

"அழகமுத்து, லெட்சுமணன் எங்க?" என்று சிவலிங்கம் கேட்டார்.

அழகமுத்து எழுந்து நின்றான். உட்கார்ந்து சொல்லக்கூடிய விஷயம் அல்ல என்று நினைத்திருக்க வேண்டும்.

"தோட்டத்துல பொதைச்சிருக்குங்க. எட்டு நாள் காய்ச்சல், மஞ்சக் காமாலை. ஊரடங்கு, கொண்டுபோக வாகனம் கெடைக்கல. நான் ஒரு நாள் லீவு கேட்டேன். ஐயா குடுத்தாரு. எதுக்குன்னு கேக்கல."

ஆறுமுகநாதன் கண்களை அட்டையிலிருந்து எடுக்கவில்லை.

"ஊரடங்குல யாரும் வெளிய வரல, அன்னைக்கே தனியாப் பொதைச்சிட்டு மறுநாள் வேலைக்கு வந்தேன். ஐயா சொன்னாரு, நாளைக்குச் சின்னய்யாவக் காம்புக்குக் கூட்டிட்டுப் போகணும், காரக் கழுவி வைன்னு. எனக்குக் காரக் கழுவ முடியல. சட்டைப் பையில என் மகனோட அட்டை இருந்திச்சு. அவன் சாவ இன்னும் பதியல. பொறந்த எடம் இரத்தோட்டைன்னு போட்டிருக்கும். தோட்டத்துப் புள்ளன்னா அந்த நேரம் செக் பொயின்ட்ல விட்டுருவாங்க. சின்னய்யாவும் அவனும் ஒரே ஒசரம். அவன் சாரத்தையும் சட்டையையும் உடுத்தி, நாவுலயில கொழும்பு லொறில ஏத்திவிட்டேன். கடிகாரம் கையில கெடந்தா மாட்டிக்குவாருன்னு கழட்டி வாங்கினேன்."

"அட்டையை ஏன் எரிக்கல்ல?" என்று நுஹ்மான் கேட்டான். "எரிச்சிருந்தா ஒரு சில்லும் ஆடியிருக்காது."

அழகமுத்து அவனை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"அட்டைய எரிக்கிறதா? எங்களுக்குப் பிரஜாவுரிமை வந்து, என் மகனுக்கு அந்த அட்டை வர ஒன்பது வருசம் நடந்தேன் தம்பி. அட்டை இல்லாத மனுசன் என்ன பாடு படுவான்னு எனக்குத் தெரியும். சின்னய்யா திரும்பி வந்தா அவரு பேரோட வாழணும்ல. தோட்டத்துல எங்க வீட்ட, அந்த லயத்துக் காம்பிராவ வாரத்துக்கு ரெண்டு தடவை ஆமி கொட்டிப் பார்க்கும். ரெஜிஸ்ட்ரார் ஐயா கார் சில்லுக்குள்ள யாரும் பார்க்க மாட்டாங்க."

"அவன் இருக்கிறானோ?" என்றார் சரோஜினிதேவி. காலையில் கேட்ட அதே கேள்வி. இப்போது அதில் குரலே இல்லை.

அழகமுத்து கொட்டகைக்குப் பின்னாலிருந்த தன் அறைக்குப் போனான். ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தான். அதற்குள் வெளிநாட்டு முத்திரை ஒட்டிய கடிதங்கள், பன்னிரண்டோ பதின்மூன்றோ. எல்லாம் தோட்டத்து விலாசத்துக்கு வந்தவை. சரோஜினிதேவி மேலே இருந்ததைப் பிரித்தார்.

"அன்புள்ள அப்பாவுக்கு, மகன் லெட்சுமணன் எழுதுவது. பாரிசில் குளிர் தொடங்கிவிட்டது. நான் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி? வெள்ளிக்கிழமை விரதத்தை இப்பவும் விடாமல் பிடிக்கிறாவா?"

வாசித்துக்கொண்டிருந்தவரின் விரல் எழுத்துகளின் மேல் நின்றது. பதின்மூன்று வருடம் மண்ணுக்குள் இருக்கிற ஒருவன் பெயரில், வீட்டுச் சுவரில் கரிக்கட்டியால் எழுதிப் பழகிய தன் பிள்ளையின் எழுத்து. லெட்சுமணனின் தாய் செத்து இருபது வருடம். எந்த அம்மாவின் முழங்கால்?

"நான் எழுதுவேங்க" என்றான் அழகமுத்து. "அம்மாவுக்கு இந்த வருசம் வலி பரவாயில்ல, விரதம் விடலன்னு."

சரோஜினிதேவி கடிதத்தை முகத்தோடு சேர்த்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அப்போதுதான் அழுதார்.

ஆறுமுகநாதன் எழுந்தார். "என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"ஐயாவுக்குப் பொய் சொல்ல வராதுங்க. அம்மாகிட்ட சொன்னா ஐயாவுக்குத் தெரிஞ்சிரும். யாராச்சும் வந்து ஐயாகிட்டக் கேட்டா, ஐயா உள்ளதச் சொல்லிருவாரு. அந்தப் பேர்லதான் அங்க அவருக்கு விசா. தெரிஞ்சா திருப்பி அனுப்பிருவாங்கன்னு சின்னய்யா எழுதினாரு. சத்தியம் பண்ணிக் குடுத்தேன்."

"என்ர நேர்மைக்குப் பயந்து என்ர பிள்ளையை என்னட்டையிருந்து ஒளிச்சு வைச்சனி."

"ஆமாங்க."

ஒரு நல்ல பெயருள்ள மனிதனுக்கு அதைவிடக் கடினமான சொல்லை யாரும் சொல்லிவிட முடியாது. பெரியவர் அதை நின்றபடியே வாங்கிக்கொண்டார். சிவலிங்கம் வெளியே போகத் திரும்பினார். நுஹ்மானின் தோளைத் தொட்டு வா என்றார். இனி இது வீட்டுக்காரர் விஷயம்.

"நில்லுங்கோ மிஸ்டர் சிவலிங்கம்" என்றார் ஆறுமுகநாதன். "நீங்களும் கேட்டிட்டுப் போங்கோ. அழகமுத்து, உன்ர மகனுக்குக் காரியம் செய்தனியோ?"

"இல்லைங்க. செஞ்சா செத்தது தெரிஞ்சிரும். கொழும்புல இருக்கான்னு சொல்லிட்டேன். உசிரோட இருக்கிறவனுக்கு எப்படிச் செய்யிறது?"

ஆறுமுகநாதன் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டினார்.

"அவன் போன திதி எப்ப வருது?"

"நாளைக்குங்க ஐயா" என்றான் அழகமுத்து. பஞ்சாங்கம் பார்க்கவில்லை. ஒரு நொடியும் யோசிக்கவில்லை.

"அப்ப மானிப்பாய்க்கு நேரமில்லை. இந்த வீட்டு முற்றத்திலதான். சரோஜினி, கோயில் ஐயருக்கு இப்பவே ஆள் அனுப்பும். பெயரை நான் அவர்ர காதுக்குள்ள சொல்லுறன். வேற ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை."

"ஐயா, நாங்க தோட்டத்து ஆளுங்க. இந்த வீட்டுல..."

"என்ர முற்றத்தில யாருக்குக் காரியம் எண்டு நான்தான் சொல்லுறது" என்றார் பெரியவர். "முப்பத்திரண்டு வருசம் இந்த ஊர்ச் சாவெல்லாம் பதிஞ்சனான். இதை மட்டும் பதிய மாட்டன்."

பிறகு அவர் நாற்காலியைத் தூக்கிப்போய் அழகமுத்துவின் பின்னால் வைத்தார். அவன் உட்காரும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.